முதலில் முகப்பு, பிறகு சர்க்யூட்

எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவரின் காலடியில் வரிசையாகக் கிடக்கும் சின்னச் சின்ன உலோகப் பெட்டிகளை மேடைகளில் பார்த்திருப்பீர்கள். கிடாரிலிருந்து கிளம்பும் சிக்னல் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வழியில் இவற்றுக்குள் நுழைந்து, கரகரத்தோ எதிரொலித்தோ அலையடித்தோ வெளியே வரும். காலால் மிதித்து இயக்குவதால் பெடல். இவற்றைக் கடையில் வாங்காமல், சால்டரிங் இரும்பை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டு மேஜையிலேயே செய்துகொள்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இசைக்கலைஞர்களுக்கான மின்னணுச் செய்முறைகள் பற்றி க்ரெய்க் ஆண்டர்ட்டன் 1975-இல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தப் பொழுதுபோக்குக்குக் குறைந்தது அவ்வளவு வயதாகிறது. அத்தனை காலமாக அதில் ஒரு வழக்கமும் ஊறிக் கிடக்கிறது. சர்க்யூட்டுக்கு வாரக்கணக்கில் மெனக்கெடுவார்கள். குமிழ்களும் எழுத்துகளும் இருக்கவேண்டிய மேல்பக்கத்துக்கு, அதாவது முகப்புக்கு, எல்லாம் முடிந்தபிறகு மிச்சமிருக்கும் ஒரு மணி நேரம். ஓர் எழுத்துகூட இல்லாமல் வெறும் அலுமினியப் பெட்டியாகவே மேடையேறிவிடுகிற பெடல்களும் ஏராளம். கேட்டால், உள்ளே இருப்பதுதானே முக்கியம் என்பார்கள். வீட்டில் செய்த பெடலைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தலைகீழானது என்பது என் கட்சி. உள்ளே இருப்பது அனேகமாக இன்னொருவருடைய வேலை. செய்தவர் தானே யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் முகப்புதான். அதனால் அதை முதலில் வரைய வேண்டும்.

1966-இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலை எடுத்துக்கொள்வோம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பெடல் இது. திறந்தால் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், குமிழுக்கு அடியில் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர். மொத்தமே 11 உறுப்புகள். இதன் வரைபடம் உலகறிந்த ஒன்று. துளையிட்ட பிசிபி பலகையே தயாராக விற்கிறது. 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமருக்கும் இதே கதைதான். இப்படி ஒரு பலகையில் ஒழுங்காக சால்டர் வைப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும், பொறுமை வேண்டும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே எடுக்கவேண்டிய முடிவு அதிகம் இல்லை. முடிவுகள் எல்லாம் பெட்டியின் வெளியே காத்திருக்கின்றன. ஃபஸ் ஃபேஸையே பாருங்கள்: டிரான்சிஸ்டரின் பயாஸை, அதாவது அது இயங்கும் மின்நிலையை, மாற்ற ஒரு குமிழை வெளியே கொடுப்பதா, அல்லது பெட்டிக்குள் ஒரு சின்ன ட்ரிம்மராக வைத்து ஒருமுறை திருகிவிட்டு மூடுவதா? சிலிக்கன் டிரான்சிஸ்டர் என்றால் உள்ளே வைத்தால் போதும். ஜெர்மேனியம் என்றால் அது வெப்பத்துக்கு மசிகிற சரக்கு. ஏசி அறையில் சரியாக ஒலித்த பெட்டி, சித்திரை வெயிலில் திறந்தவெளி மேடையில் வேறு மாதிரி முனகும். அப்போது பயாஸ் குமிழ் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதே நியாயம். இந்தக் கேள்வி சர்க்யூட் வரைபடத்தில் எழுவதில்லை. இந்த இடத்தில் என்ன இருக்கவேண்டும் என்று முகப்பைத் தாளில் வரைகிறபோதுதான் எழுகிறது. பெட்டியில் துளை போட்டபிறகு எழுந்தால் பயனில்லை.

எந்தக் குமிழுக்கு என்ன எழுதுவது என்பதும் அப்படித்தான். அமெரிக்காவின் கலமசூ நகரில் ப்ரோகோ நிறுவனம் 1970-களின் இறுதியில் உருவாக்கிய ராட் பெடலில் மூன்று குமிழ்கள்: டிஸ்டார்ஷன், ஃபில்டர், வால்யூம். வழக்கமான டோன் குமிழை வலப்பக்கம் திருப்பினால் ஒலி கூர்மையாகும். ராட்டின் ஃபில்டரை வலப்பக்கம் திருப்பினால் கூர்மை குறைந்து ஒலி மந்தமாகும். கேஸ் அடுப்பின் குமிழை இன்னும் திருப்பத் திருப்பத் தீ சிம்முக்கு இறங்குவது போல. அந்தக் குமிழில் டோன் என்று எழுதியிருந்தால் அது பொய்யாகிவிடும். ஃபில்டர் என்று எழுதியதால், வடிகட்டுவது கூடுகிறது என்ற பொருளில், அதே இணைப்பு உண்மையாகிறது. ராட்டின் சர்க்யூட்டை வீட்டில் செய்கிறவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள். மூன்று குமிழ் என்றால் நடுவில் டோன் என்று கை தானாக எழுதிவிடுகிறது. இன்னொரு எடுத்துக்காட்டு இதைவிட அழகானது. மினியாபொலிஸ் நகரின் ஸக்கரி வெக்ஸ் செய்த ஒற்றைக் குமிழ் பூஸ்டர் பெடலில், குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வரும். அந்தப் பொட்டன்ஷியோமீட்டர் வழியே நேர்மின்சாரம் ஓடுவதால் வருகிற சத்தம் அது, பழுதில்லை. வெக்ஸ் என்ன செய்தார்? குமிழுக்குப் பக்கத்தில் பூஸ்ட் என்றோ வால்யூம் என்றோ எழுதாமல், கரகரத்தால் பரவாயில்லை என்ற பொருள் தரும் இரண்டு சொற்களை எழுதிவிட்டார். ஒரே குமிழ் என்பதால் அது என்ன செய்யும் என்பதை யாரும் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கரகரப்பு பழுதா இல்லையா என்பதைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எதை எழுதவேண்டும், எதை எழுதத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பெரிய நிறுவனங்கள் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டன என்பதற்கு ஜப்பானின் பாஸ் நிறுவனத்தின் பெடல்கள் சாட்சி. 1977-இல் முதல் மூன்று வந்தன. ஓவர்டிரைவுக்கு மஞ்சள், ஃபேஸருக்குப் பச்சை, ஸ்பெக்ட்ரம் என்ற மூன்றாவதற்குச் சிவப்பு. மறு ஆண்டு வந்த டிஎஸ்-1 டிஸ்டார்ஷனுக்கு ஆரஞ்சு. பெட்டியின் கீழ்ப்பாதி முழுக்க மிதிக்கிற தகடு. குமிழ்கள் மேலே ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கும், எவ்வளவு அவசரத்தில் மிதித்தாலும் ஷூ அவற்றைத் தொடாது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. வீட்டில் செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளும் பெட்டி இப்படிப்பட்டதல்ல. கனடாவின் ஹேமண்ட் நிறுவனத்தின் 1590பி அல்லது அதைப் பார்த்துச் செய்த வார்ப்பு அலுமினியப் பெட்டி. ஏறக்குறைய 112 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், மேலே தட்டையான பரப்பு, பள்ளம் எதுவும் கிடையாது. அதில் குமிழுக்கும் கால் ஸ்விட்சுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதை வரைகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பலகை எங்கே உட்காருகிறதோ அங்கே குமிழ் என்று விட்டுவிட்டால், ஸ்விட்சை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் ஷூ நுனி வால்யூமையும் கொஞ்சம் நகர்த்திவிடும். எல்இடி விளக்கும் இதே கணக்கில்தான் சேரும். பளிச்சிடும் 5 மி.மீ. நீல எல்இடியைக் குமிழ்களுக்கு நடுவில் வைப்பது வீட்டுப் பெடல்களில் தீராத வியாதி. இருட்டான மேடையில் அது கண்ணைக் கூச வைத்து, எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்பதையே மறைத்துவிடும். அதோடு தொடராக வரும் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டினால் தீர்ந்தது, ஆனால் அதற்கு முகப்பை இருட்டில் ஒருமுறை கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும்.

முகப்பு என்று சொல்லும்போது மேல்பக்கத்தை மட்டும் நான் சொல்லவில்லை. மின்சாரம் நுழையும் துளையும் அதில் அடக்கம், அங்கேதான் எழுத்து மிகவும் அவசியம், அங்கேதான் யாரும் எழுதுவதில்லை. இன்றைய பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட்டில், அடாப்டர் முனையின் நடுப்பகுதி நெகட்டிவாக இருக்கும் முறையில் இயங்குகின்றன. எல்லாமே அப்படி இல்லை. பழைய முறையில் பிஎன்பி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்துச் செய்த ஃபஸ் பெடலில் பாசிட்டிவ்தான் கிரவுண்டோடு சேரும். அதை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் சப்ளை ஷார்ட் ஆகிவிடும். சில சர்க்யூட்டுகள் 18 வோல்ட்டைத் தாங்கும், சில தாங்கவே தாங்காது. செய்தவருக்கு இதெல்லாம் மனப்பாடம், உண்மைதான். ஆனால் வீட்டில் செய்த பெடல்கள் கை மாறுகின்றன. நண்பர் இரவல் வாங்குவார், யாரோ விலைக்குக் கேட்பார், சில ஆண்டுகள் கழித்து ரிப்பேருக்கு ஒருவர் திறப்பார். செய்தவரே மூன்று வருடம் கழித்து எடுத்தால் அவருக்கும் சந்தேகம் வரும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வோல்ட்டேஜும் நடுமுனையின் குறியும், மூடியின் உள்பக்கம் சர்க்யூட்டின் பெயரும் செய்த தேதியும்: பெர்மனென்ட் மார்க்கர் போதும், இரண்டு நிமிட வேலை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிறவற்றில் வலுவானது, கிடார் கலைஞர் காதால் வாசிக்கிறார், கண்ணால் அல்ல என்பது. எழுத்தில்லாத பெட்டி வந்தால் அவர் குமிழைத் திருப்பித் திருப்பிக் கேட்பார், நல்ல ஒலி எங்கே கிடைக்கிறதோ அங்கே நிறுத்துவார். எண்ணும் எழுத்தும் இருந்தால் காது சோம்பிவிடும் என்கிறார்கள். வீட்டில், தனியாக, நேரம் இருக்கும்போது இது முழுக்க உண்மை. ஒரே ஒரு குமிழுள்ள பூஸ்டருக்குக் குமிழின் பெயர் வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே கிடைப்பது சில வினாடிகள். அதற்குள் ஐந்து குமிழில் எது எது என்று காதால் தேடினால் அந்தத் தேடலை அரங்கமே கேட்கும். வெக்ஸின் இன்னொரு பெடலான ஃபஸ் ஃபேக்டரியில் ஐந்து குமிழ்கள், ஒன்றைத் தொட்டால் மற்றதன் நடத்தையும் மாறும். அவரே அதை விசித்திரங்களுக்காகவே செய்தவர், பெட்டிகளில் ஓவியங்களைக் கையாலேயே தீட்டி விற்றவர், ஆனாலும் ஐந்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். காதை நம்புகிறவர்களும் தங்கள் பெடலில் மறைப்பு நாடாவை ஒட்டி, இந்தப் பாட்டுக்கு இங்கே என்று கோடு போட்டுக்கொள்வதைப் பல மேடைகளில் பார்க்கலாம். செய்தவர் எழுதாமல் விட்டதை வாசிப்பவர் எழுதிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு, முகப்பு என்பது வெறும் மினுக்கு. பெடல் உலகம் ஏற்கெனவே தோற்றத்துக்கு விலை கொடுத்துக் கெட்டுப்போயிருக்கிறது, வீட்டில் செய்கிறவராவது அதிலிருந்து தப்பட்டும் என்பது. இதில் பாதி சரி. க்ளான் சென்டார் என்ற பெடலை 1994-இலிருந்து பில் ஃபின்னகன் என்பவர் அமெரிக்காவில் சுமார் 8,000 எண்ணிக்கை மட்டும் செய்தார். பொன்னிறப் பெட்டி, மேலே பாதி மனிதன் பாதி குதிரையான கிரேக்கப் புராண உருவம். யாரும் நகலெடுக்கக் கூடாதென்று உள்ளே கறுப்பு எபாக்ஸியை ஊற்றி மூடினார். இன்று ஒன்று பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. எபாக்ஸியைச் சுரண்டிச் சர்க்யூட்டைக் கண்டுபிடித்தாகிவிட்டது, அதே ஒலியை வீட்டிலேயே செய்யலாம். அப்படியும் விலை இறங்கவில்லை. ஆக, விற்பது ஒலி மட்டுமல்ல. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பாஸின் தாய் நிறுவனமான ரோலண்ட் 2005-இல் பெரிங்கர் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு பெட்டியின் தோற்றத்தைப் பற்றியது. பெரிங்கர் வடிவத்தை மாற்றியபிறகு சமரசமானது. சென்டார் என்ற பெயரிலேயே பெரிங்கர் 2024-இல் ஒரு பெடலைக் கொண்டுவந்தபோது ஃபின்னகன் நீதிமன்றம் போனார், அந்தப் பெயர் பிறகு கைவிடப்பட்டது. இரண்டிலும் சண்டை நடந்தது முகத்துக்காக.

இதிலிருந்து, முகத்தைக் கவனிக்காதே என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். இன்னொருவர் முகத்தைப் போட்டுக்கொள்ளாதே என்ற முடிவுக்கு வருவேன். வீட்டுப் பெடல்களில் எழுத்தே இல்லாதது ஒரு வகை என்றால், புகழ்பெற்ற பெடலின் படத்தை அப்படியே பிரதியெடுத்து ஒட்டுவது இன்னொரு வகை. சர்க்யூட்டைப் பார்த்துச் செய்வது கற்றல், இந்தத் துறையே அப்படி வளர்ந்தது. ஓவியத்தையும் பெயரையும் எடுப்பதில் கற்க எதுவுமில்லை. தனக்காகச் செய்து தானே வைத்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். ஆனால் முன்பே சொன்னதுபோல இவை கை மாறுகின்றன, அப்போது அது போலிச் சரக்காகிவிடுகிறது. இன்னும் ஒன்று: பிரதியெடுத்த முகப்பில் பிறருடைய முடிவுகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. குமிழின் இடம், எழுத்தின் அளவு, எல்இடி எல்லாம் அவர் பெட்டிக்கு ஏற்றவை, நம் பெட்டிக்கு அல்ல.

வீட்டு வேலை வீட்டு வேலை போலத்தானே இருக்கவேண்டும், தொழிற்சாலைப் பளபளப்பு எதற்கு என்று மூன்றாவதாக ஒரு குரல் கேட்கும். அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. டைமோ நாடாவில் அழுத்திய எழுத்து பத்து வருடம் நிற்கும், உண்மையைச் சொன்னால் அதுவே நல்ல முகப்பு. கூடுதலாக வேண்டுமென்றால் வழிகள் பல. ஒளிபுகும் படலத்தில் அச்சிட்டுத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் மலிவானது. ஆனால் வீட்டுப் பிரிண்டரால் வெள்ளை மை அச்சிட முடியாது, ஆகவே கறுப்புப் பெட்டியில் வெள்ளை எழுத்து என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். லேசர் பிரிண்டரின் டோனரைச் சூட்டில் அலுமினியத்துக்கு மாற்றி, ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுப்பது பார்க்க மிக அழகு. அலுமினியத்தோடு அந்தத் திரவம் மூர்க்கமாகச் சூடேறிப் புகையும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இல்லாமல் தொடக்கூடாது, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. தாய்லாந்தின் டைடா போன்ற கடைகள் துளையும் போட்டு யுவி அச்சும் செய்து பெட்டியை அனுப்புகின்றன. நம் ஊர்களில் கோப்பைக்கும் பெயர்ப்பலகைக்கும் லேசரில் செதுக்கிக் கொடுக்கும் கடைகள் எங்கும் உண்டு. இரண்டு அடுக்கு அக்ரிலிக் தகட்டில் மேலடுக்கைச் செதுக்கினால் கீழடுக்கின் நிறம் எழுத்தாகும், அச்சைப் போல அழியாது. எந்த வழியில் போனாலும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. துளைகளுக்கான வார்ப்புருவைத் தாளில் அச்சிடும்போது, பக்கத்துக்குள் அடக்கு என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் படம் மூன்று சதவிகிதம் போலச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது. 112 மி.மீ. நீளத்தில் அது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தவறு, குமிழ் எழுத்தின்மேல் போய் உட்காரும். அச்சான தாளில் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுத்தான் ட்ரில்லை எடுக்க வேண்டும்.

செலவு என்ற மறுப்பு கணக்குப் பார்த்தால் நிற்பதில்லை. பெடலில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சில்லறைக் காசு. பெட்டி, கால் ஸ்விட்ச், ஜாக்குகள், பொட்டன்ஷியோமீட்டர்கள் என்று ஏற்கெனவே பணத்தில் பெரும்பங்கு வெளியே தெரியும் உலோகத்துக்குத்தான் போகிறது. அதன்மேல் எழுத்துக்கு ஆகும் தொகை பெரிதல்ல. தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக. ஆனால் குமிழ்களுக்கு நடுவே 30 மி.மீ. கூட இடமிருக்காது, கொம்பும் சுழியும் உள்ள எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் அளவுக்குச் சுருக்கினால் அடைத்துக்கொள்ளும். குறுகிய சொல்லாகத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை வடிவமாக மாற்றி அனுப்பினால் நன்றாகவே வரும்.

என் தேர்வு, சர்க்யூட் பலகை செய்யும் அதே ஆலையில் முகப்பையும் ஒரு பிசிபி பலகையாகச் செய்வது. 1.6 மி.மீ. தடிமன், விரும்பிய நிறத்தில் மேல்பூச்சு, வெள்ளை எழுத்து, எல்இடி வரும் இடத்தில் செம்பையும் பூச்சையும் விட்டுவிட்டால் கண்ணாடி இழையின் வழியே விளக்கு மங்கலாகத் தெரியும், தகட்டில் துளையே தேவையில்லை. இந்த ஆலைகள் வழக்கமாக ஐந்துக்குக் குறைவாக எடுப்பதில்லை. ஒரு பெடலுக்கு ஐந்து முகப்பா என்று அலுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது நல்லதாகப் படுகிறது. மீதி நான்கை அதே சர்க்யூட்டைச் செய்கிற வேறு நான்கு பேர் எடுத்துக்கொள்வார்கள். நாம் பக்கத்தில் இருந்து விளக்காமலேயே அவர்களுக்கு எந்தக் குமிழ் எது, எத்தனை வோல்ட், எந்த முனை நெகட்டிவ் என்று அந்தத் தகட்டைப் பார்த்தே புரியவேண்டும். அதை மனதில் வைத்து வரைகிறவர், தனக்கென்று ஒன்றே ஒன்று வரைகிறவரைவிட இரண்டு மடங்கு யோசிப்பார்.